கை முதலில், கேள்வி பிறகு

பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு
1 அரசர்கள் 19:9, 11-13; உரோமையர் 9:1-5; மத்தேயு 14:22-33



பேதுரு கடல்மேல் நடந்ததைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். அவர் மூழ்கத் தொடங்கிய அந்த ஒரு கணத்தில் மட்டும் இன்று சற்று நேரம் நிற்போம். அதைப் புரிந்துகொள்ள உங்களை ஒரு கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன்.

இத்தாலியின் வடமேற்குக் கரையில், ஜெனோவா நகருக்குக் கிழக்கே, காமோலிக்கும் போர்ட்டோஃபினோவுக்கும் நடுவில், சான் ஃப்ருத்துவோசோ என்று ஒரு சின்னஞ்சிறு விரிகுடா இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான மலை. வண்டிப்பாதை கிடையாது. படகில் போக வேண்டும், இல்லையென்றால் மலைப்பாதையில் நடக்க வேண்டும். கரையை ஒட்டினாற்போல் ஆசீர்வாதப்பர் சபையின் பழைய மடம் ஒன்று நிற்கிறது. 259-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுத் தாரகோனாவில் தீயில் எரிக்கப்பட்டு மறைசாட்சியான ஆயர் புனித ஃப்ருத்துவோசுவின் பெயர்தான் அந்த இடத்துக்கும் வந்தது.

மடத்தைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. ஆனால் முதுகில் சிலிண்டரோடு வருகிறவர்கள் பார்க்க வருவது வேறொன்றை. அங்கே கடலுக்கடியில், ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில், இரண்டரை மீட்டர் உயரத்தில் வெண்கல இயேசு நிற்கிறார். முகம் மேல்நோக்கி. இரண்டு கைகளும் மேல்நோக்கி விரிந்தபடி. ஆழ்கடலின் கிறிஸ்து என்றுதான் அவரை அழைக்கிறார்கள்.

இந்தச் சொரூபத்தின் தொடக்கம் ஒரு சாவு. கருவிகளின் துணையோடு நீருக்கடியில் மூச்சுவிடும் கலை இத்தாலியில் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அதில் முன்னோடியாக இறங்கியவர்களில் ஒருவர் தாரியோ கொன்சாத்தி. 1947-இல் அந்தக் கடலிலேயே அவர் உயிரிழந்தார். துயிலியோ மார்க்காந்தே என்ற முக்குளிப்பாளருக்கு ஓர் எண்ணம் வந்தது. இறந்தவருக்குக் கரையில் கல் நாட்டுவது உலக வழக்கம். மார்க்காந்தே கேட்டது அதையல்ல. மனிதர் மூழ்கும் இடத்திலேயே, அந்த ஆழத்திலேயே ஆண்டவர் நிற்க வேண்டும் என்றார். குயிதோ கல்லெத்தி என்ற சிற்பி அதற்கு உருவம் கொடுத்தார். வார்ப்புக்கு வேண்டிய உலோகத்துக்காக மக்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்து தந்தார்கள்: பதக்கங்கள், கப்பல் மணிகள், கப்பலின் உலோகப் பாகங்கள். எல்லாம் ஒரே உலையில் உருகின. 1954 ஆகஸ்ட் 22 அன்று, கொன்சாத்தி இறந்த இடத்துக்கு அருகில், சொரூபம் கடலில் இறக்கப்பட்டது.

இன்றும் காற்றுச் சிலிண்டரோடு முக்குளிக்கும் ஸ்கூபா கிளப்புகள் விடுமுறை நாளில் அங்கே கூட்டமாகப் போகின்றன. வேடிக்கையும் சிரிப்புமாகப் படகேறுகிறவர்கள், தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு காரியத்தில் மட்டும் விளையாட மாட்டார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து நிற்பார்கள். ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுப் பார்ப்பார். காற்று திறந்திருக்கிறதா, அளவுமானி எவ்வளவு காட்டுகிறது, எடைப்பட்டை சரியாக மாட்டியிருக்கிறதா, ஆபத்து என்றால் எந்தக் கொக்கியை அவிழ்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். தன் உயிரைக் காக்கும் கருவியை இன்னொருவர் சோதிக்கக் கொடுப்பதை அங்கே யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

பிறகு இறக்கம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் தண்ணீரின் அழுத்தம், மேலே நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தம் அளவுக்குக் கூடிக்கொண்டே போகும். 17 மீட்டரில் உடல் தாங்குவது கரையில் தாங்குவதைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு. காது அடைக்கும், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். நிறங்கள் ஒவ்வொன்றாக விடைபெறும். முதலில் போவது சிவப்பு. அந்த ஆழத்தில் விரலில் கீறிக்கொண்டால் இரத்தம்கூடப் பச்சையாகத் தெரியும். சொந்த மூச்சின் சத்தத்தைத் தவிரக் காதில் பெரிதாக எதுவும் விழாது. அந்த நீல மங்கலில், கீழேயிருந்து தங்களை நோக்கி நீண்டிருக்கும் இரண்டு கைகளைத்தான் மேலிருந்து இறங்குகிறவர்கள் எதிர்கொள்கிறார்கள். நாம் தேடிப் போகும் முன்பே அவர் அங்கே இருக்கிறார். நாம் தொடும் முன்பே அவர் கை நீண்டிருக்கிறது.

ஸ்கூபா பயிற்சியில் எல்லோருக்கும் கற்றுத்தரும் ஒரு பாடத்தை இப்போது கவனியுங்கள். ஒருவருக்குக் கீழே காற்று தீர்ந்துபோகிறது. பேச முடியாது. தொண்டைக்குக் குறுக்கே கையை வெட்டுவதுபோல் இழுத்துக் காட்டுவார். அதுதான் சைகை. அதைக் கண்டதும் துணை என்ன செய்ய வேண்டும்? அளவுமானியை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பதா? கேட்க வழியும் இல்லை, நேரமும் இல்லை. ஒவ்வொருவரிடமும் இன்னொருவருக்காகவே ஒரு கூடுதல் வாய்க்குழாய் இருக்கும். சட்டென்று கண்ணில் படட்டும் என்று பெரும்பாலும் அதை மஞ்சள் நிறத்தில் வைப்பார்கள். முதல் வேலை, மூச்சைக் கொடுப்பது. அடுத்த வேலை, கையைப் பிடிப்பது. அதன்பின் ஒரே சிலிண்டரின் காற்றை இருவரும் இழுத்தபடி, பதறாமல், மெதுவாக மேலே வர வேண்டும். எங்கே தவறு நடந்தது என்ற விசாரணையெல்லாம் படகில் ஏறிய பிறகுதான்.

நம் முத்துக்குளித்துறையின் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. முத்துக் குளிக்க மூழ்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவர் அவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கயிறு அசைந்த மறுகணம் இழுப்பார். கீழே ஏன் இவ்வளவு நேரம் என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இப்போது நற்செய்திக்கு வாருங்கள்.

இரவின் நான்காம் காவல் வேளை. விடியலுக்கு முந்தைய கும்மிருட்டு. எதிர்க்காற்று. இரவெல்லாம் தண்டு வலித்துக் கை ஓய்ந்த சீடர்கள். ஆண்டவர் கடல்மீது நடந்து வருகிறார். பேதுரு படகிலிருந்து இறங்கி அவரை நோக்கி நடக்கிறார், பெருங்காற்றைப் பார்க்கிறார், அஞ்சுகிறார், மூழ்கத் தொடங்குகிறார். பேதுரு கடலுக்குப் புதியவரல்ல. வலை வீசிப் பிழைத்தவர். உயிர்த்த ஆண்டவரைக் கரையில் கண்டதும் படகிலிருந்து கடலில் குதித்தவர் என்று யோவான் 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆக, தண்ணீருக்குப் பழகியவருக்கும் மூழ்கும் நேரம் வரும். நாற்பது வருடம் கோவிலுக்கு வந்தவருக்கும் வரும். மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவருக்கும் வரும். பிரசங்க மேடையில் நிற்கிறவருக்கும் வரும்.

பேதுரு காப்பாற்றச் சொல்லிக் கத்துகிறார். அதற்குப் பிறகு மத்தேயு எந்த வரிசையில் எழுதுகிறார் என்று பாருங்கள். இயேசு உடனே கையை நீட்டுகிறார். அவரைப் பிடிக்கிறார். அதற்குப் பிறகுதான், ஏன் ஐயப்பட்டாய் என்று கேட்கிறார். கை முதலில், கேள்வி பிறகு. கேள்வியே கேட்காமல் விட்டுவிடவில்லை. நம்பிக்கை குறைந்ததைச் சுட்டிக்காட்டத்தான் செய்கிறார். ஆனால் மூழ்குகிறவரின் வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது அல்ல. பிடித்த பிடி உறுதியான பிறகு. இன்னொன்றையும் கவனியுங்கள். காற்று அடங்கியது இருவரும் படகில் ஏறிய பிறகுதான். புயல் ஓயட்டும், நிலைமை சரியாகட்டும், பிறகு உதவலாம் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை. காற்று வீசும்போதே கை நீண்டது.

மற்ற இரண்டு வாசகங்களும் இதே திசையில்தான் போகின்றன. எலியா ஓரேபு மலையின் குகையில் ஒடுங்கிக் கிடக்கிறார். இதே அதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், சாக வேண்டும் என்று கேட்டவர். இறைவாக்கினருக்கே வாழ்க்கை கசந்துபோயிற்று. கடவுள் என்ன செய்தார்? முதலில் தூங்கவிட்டார். வானதூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். ஒரு முறையல்ல, இரண்டு முறை. இங்கே உனக்கு என்ன வேலை என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து குகைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வருகிறது. அதற்கும் பிறகுதான், புயலிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் காணாத கடவுளை, அடக்கமான மெல்லிய ஒலியில் எலியா உணர்ந்துகொள்கிறார். ரொட்டி முதலில், கேள்வி பிறகு.

இரண்டாம் வாசகத்தில் பவுல் தம் இனத்தாருக்காகப் படும் வேதனையைச் சொல்கிறார். அவர்கள் மீட்படைவார்கள் என்றால் தாமே கிறிஸ்துவிடமிருந்து பிரிக்கப்பட்டுச் சபிக்கப்பட்டவராகவும் தயார் என்கிறார். கரையில் நின்று அறிவுரை சொல்லும் மனிதரின் பேச்சா இது? பவுலுக்கு ஆழம் தெரியும். மூன்று முறை கப்பல் உடைந்து, ஓர் இரவும் பகலும் நடுக்கடலில் தத்தளித்ததைக் கொரிந்தியருக்கு அவரே எழுதியிருக்கிறார். மூழ்கிப் பார்த்தவருக்குத்தான் மூழ்குகிறவரின் வலி விளங்கும்.

நம் ஆண்டவரும் அப்படித்தான். வானகத்திலிருந்து மனித உடலுக்குள் இறங்கினார். யோர்தானில் பாவிகளோடு வரிசையில் நின்று தண்ணீருக்குள் இறங்கினார். சிலுவைக்கும் கல்லறைக்கும் இறங்கினார். மனிதர் விழக்கூடிய எந்தப் பள்ளத்துக்கும் அவர் முன்னதாகவே போய்விட்டார். யோனா மீனின் வயிற்றிலிருந்து வேண்டியபோது அந்த வேண்டுதல் கேட்கப்பட்டது. பாதாளத்தில் படுத்தாலும் அங்கேயும் கடவுள் இருக்கிறார் என்று 139-ஆம் திருப்பாடல் அறிக்கையிடுகிறது. சான் ஃப்ருத்துவோசோவின் வெண்கலம் அந்த நம்பிக்கையைத்தான் காட்டுகிறது. ஆண்டவரை உயரத்தில் தேடியே பழகிய நமக்கு, கீழே போனாலும் அவர் இருக்கிறார் என்று சொல்கிறது.

அந்தச் சொரூபத்துக்கு ஒரு சேதமும் நேர்ந்தது. அரை நூற்றாண்டு உப்புநீரில் நின்றதில் அரிப்பும் கடல் உயிரிகளின் படிவும் ஏறிப்போயின. அதோடு ஒரு கையும் உடைந்து தனியே வந்துவிட்டது. படகின் நங்கூரம் ஒன்று இடித்ததால் என்று சொல்கிறார்கள். 2003-இல் அதை மேலே தூக்கிச் செப்பனிட்டு, 2004 ஜூலை 17 அன்று புதிய பீடத்தில் மறுபடி இறக்கினார்கள்.

நங்கூரம் தீயதல்ல. எபிரேயர் திருமுகம் நம் எதிர்நோக்கையே நங்கூரம் என்கிறது. ஆனால் கீழே யார் இருக்கிறார் என்று பாராமல் எறிந்தால் அதே நங்கூரம் கிறிஸ்துவின் கையையே உடைத்துவிடும். சகோதர சகோதரிகளே, நம்மில் பலர் நல்லதை நினைத்தே அப்படி எறிகிறோம். வேதவசனத்தை எறிகிறோம். ஒழுங்கை எறிகிறோம். அனுபவத்தை எறிகிறோம்.

குழுக் கடன் வாங்கி வட்டி கட்ட முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் அக்காவிடம், "அகலக்கால் வைக்காதேன்னு அப்பவே சொன்னேன்ல?" என்கிறோம். குடியை விட முடியாமல் நாலாவது முறை விழுந்தவரிடம், "மனசு வச்சா முடியாதா?" என்கிறோம். புகுந்த வீட்டில் அடிபட்டுத் திரும்பி வந்த பெண்ணிடம், "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளை சாப்பிடாமல் கிடக்கும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்கிறோம். மனச்சோர்வில் இருப்பவரிடம், "செபமாலை சொன்னா இப்படி வருமா?" என்கிறோம். இவற்றில் சில கேள்விகள் நியாயமானவையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்துக்கு உரியவை அல்ல. தொண்டைக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டுகிறவருக்கு வேண்டியது காற்று.

கை நீட்டுவது எப்படியிருக்கும் என்பதற்கு இந்தச் சொரூபத்தின் இன்னொரு வார்ப்பே சாட்சி. 1961 அக்டோபரில் பியான்கா சி என்ற இத்தாலியப் பயணிகள் கப்பல், கரீபியன் கடலில் கிரெனடா தீவின் செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்துக்கு எதிரே தீப்பற்றி எரிந்தது. கப்பலில் ஏறத்தாழ 700 பேர். தீவு மக்கள் யார் எவர் என்று கேட்கவில்லை. மீன்பிடிப் படகோ, பாய்மரப் படகோ, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எரியும் கப்பலை நோக்கிப் போனார்கள். உயிர் தப்பியவர்களைக் கரை சேர்த்து, தங்கள் வீடுகளில் இடம் கொடுத்து, சோறும் துணியும் கொடுத்தார்கள். அவர்களில் பலர் ஏழைகள். அதற்கு நன்றியாகத்தான் ஆழ்கடல் கிறிஸ்துவின் ஒரு வார்ப்பு இத்தாலியிலிருந்து அந்தத் தீவுக்குப் போனது. இன்று அது அந்த ஊரின் துறைமுகக் கரையில் நிற்கிறது. கை நீட்டிய ஊருக்கு, கை நீட்டும் கிறிஸ்து பரிசாகக் கிடைத்தார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முக்குளிப்பில் யாரும் தனியாக வீரம் காட்டுவதில்லை. தன் காற்று எவ்வளவு என்று தெரியாமல் பிறரைத் தூக்கப் போனால் இருவரும் போய்ச் சேர வேண்டியதுதான். அவசரப்பட்டு ஒரே மூச்சில் மேலே இழுப்பதும் ஆபத்து; மெதுவாக ஏற வேண்டும், மேற்பரப்புக்கு ஐந்து மீட்டர் இருக்கும்போது மூன்று நிமிடமாவது நின்று வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நாம் செய்யும் உதவிக்கும் இது பொருந்தும். குடிநோயாளியை ஒரே நாளில் திருத்திவிட முடியாது. உடைந்த மனம் ஒரு செபக்கூட்டத்தில் நேராகிவிடாது. மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டியவரை மருத்துவரிடம் அழைத்துப்போவதும் செபம்தான். ஆண்டவர் சீடர்களை இருவர் இருவராக அனுப்பியதும் இதற்காகத்தானே! நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைகளின் வீடுகளுக்கு இருவராகப் போவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அன்பியக் குழுக்களும் அதையே பழக வேண்டும். வாசகம் படித்து, பாட்டுப் பாடி, தேநீர் குடித்துக் கலைவதோடு அன்பியம் முடிந்துவிடக் கூடாது. இந்தத் தெருவில் யாருக்குக் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு முறையாவது கேளுங்கள். தெரிந்தால் இருவர் போங்கள்.

இன்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் மூழ்கிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறீர்கள். வெளுத்த சட்டையும் சிரித்த முகமுமாக வந்திருப்பதால் அது எங்களுக்குத் தெரியாமல் போகலாம். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சைகை காட்டுங்கள். பேதுரு வெட்கப்படவில்லை; மற்றச் சீடர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தினார். நீங்களும் கத்தலாம். பங்குத்தந்தையிடம், நண்பரிடம், மருத்துவரிடம், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். உதவி கேட்பது நம்பிக்கைக் குறைவு அல்ல. மத்தேயு எழுதிய இந்தப் பகுதியில் பேதுரு சொன்ன மிக நல்ல செபமே அந்த அலறல்தான்.

சிறிது நேரத்தில் எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்லப் போகிறோம். இன்று திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம். ஆண்டவர் பாதாளத்தில் இறங்கியதை அறிக்கையிடும் இடம் வரும்போது, நாவு பழக்கத்தில் ஓடிவிட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்து அடியாழத்தில் கிடக்கும் ஒருவர் பெயரை மனதில் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு நீங்கள் இங்கே வருவதற்குள் அந்த வீட்டுக் கதவை ஒரு முறை தட்டியிருக்க வேண்டும். போகும்போது அறிவுரை கொண்டுபோக வேண்டாம். சாப்பாடு கொண்டுபோங்கள், பணம் தேவை என்றால் முடிந்ததைக் கொண்டுபோங்கள், ஒன்றுமே இல்லையென்றால் ஒரு மணி நேரத்தைக் கொண்டுபோங்கள்.

ஆண்டவரே, நாங்கள் விழக்கூடிய எல்லா ஆழத்துக்கும் எங்களுக்கு முன்பே இறங்கியவர் நீர். மூழ்குகிற எங்களைப் பிடித்துக்கொள்ளும். உம் கையை எங்கள் கடுஞ்சொல்லால் உடைத்திருந்தால் எங்களை மன்னியும். இந்த வாரம் எங்கள் கைகள் எங்கள் வாயைவிட வேகமாகச் செயல்பட அருள்புரியும். ஆமென்.